அக்கா விடுதியில் தேர்ந்தெடுத்த இயந்திரம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய அன்பை அறிவார்கள். அவர் எப்படி முடிவெடுப்பார் என்பதை அருகிலிருந்து பார்த்த தம்பி நான். அதைப் பற்றி எழுதுவதே பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

அக்கா பிறந்தது குடியாத்தத்தில். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் படிக்கவைத்தார். தொண்ணூற்றொன்றில் திருமணமாகிப் பெங்களூரு மர்பி டவுனுக்கு வந்தார். சில ஆண்டுகளில் அவருடைய கணவர், எங்கள் மாமா, வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டது. வீட்டு முன்னறையில் கேசட் பிரதி எடுக்கும் தொழிலை இருவரும் தொடங்கினார்கள். பார்வையற்ற மாணவிகளின் விடுதி ஒன்று, பாடங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்பும். அவற்றைப் பிரதி எடுத்துக் கொடுப்பதே அவர்களுடைய முக்கிய வருமானம்.

இரண்டாயிரத்துக்குப் பின் நல்ல கேசட்டுகள் கிடைப்பது அரிதாயிற்று. "இந்த வருஷம் சிடியில வேணும். பரீட்சைக்கு முன்னாடி ஆகுமா?" என்று விடுதிக் காப்பாளர் கேட்டார். ஆகும் என்றார் அக்கா. சிடி பிரதி எடுக்கும் இயந்திரம் அப்போது எங்களிடம் கிடையாது.

அக்காவும் மாமாவும் நானும் மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போனோம். அங்கே ஒரு விற்பனையாளர் இரண்டு இயந்திரங்களைக் காட்டினார். ஒன்றில் சிடிகளை அடுக்கிவைத்தால் இயந்திரக் கையே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பிரதி செய்யும். மற்றது டவர், ஏழு சிடிகளை நம் கையால் செருகினால் எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாகும்.

"மேடம், முதல் மெஷினே எடுத்துக்குங்க. பக்கத்துல நிக்கவே வேணாம்" என்று, எடுத்த பிரதி ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் காட்டினார் அவர். அக்காவுக்கு மூட்டுவலி உண்டு. அதனால் மாமாவுக்கும் அதுவே பிடித்திருந்தது.

"இங்க கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது சார். ஹாஸ்டல் பிளேயர்ல ஓடுமா?" என்று கேட்டார் அக்கா.

"அவங்ககிட்ட என்ன பிளேயர் இருக்குன்னு எனக்குத் தெரியாதே மேடம்."

"எனக்கும் தெரியாது. போட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

கையோடு கொண்டுபோயிருந்த பாடப் பதிவை இரண்டு இயந்திரங்களிலும் வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று எனப் பிரதி எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். விற்பனையாளரும் ஆர்வத்தோடு எங்களுடன் விடுதிக்கு வந்தார். அங்கே இருந்தவை நன்கொடையாக வந்த பழைய பிளேயர்கள். மாணவிகள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு சிடியையும் முழுதாகக் கேட்டார்கள்.

"அக்கா, இதுல சரித்திரப் பாடத்துல குரல் தாவுது" என்றாள் மஞ்சுளா என்ற மாணவி. வேகமாக எடுத்தவை இரண்டுமே அப்படித்தான் தாவின. மெதுவாக எடுத்தவை தடங்கலின்றி ஓடின.

அக்கா அங்கேயே முடிவு செய்தார். "மெதுவாத்தான் எடுக்கணும். ஒண்ணு ஒண்ணா எடுத்தா பரீட்சையே முடிஞ்சிடும். ஏழும் சேர்ந்து ஓடுற டவரே குடுங்க சார்."

"நாள் பூரா நீ நிக்கணுமே" என்றார் மாமா.

"ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறேன். நீங்க எடுத்துக் குடுங்க, நான் போடறேன்."

விற்பனையாளர் தாமே வீட்டுக்கு வந்து டவரைப் பொருத்தி, குறைந்த வேகத்தில் அமைத்துக் கொடுத்தார். பரீட்சைக்கு முன்பே எல்லா மாணவிகளுக்கும் பாடங்கள் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டு வேறு விடுதிகளும் அக்காவைத் தேடி வந்தன. அந்த வருமானத்தில்தான் அவருடைய மகள் பொறியியல் முடித்தாள்.

பிறகு சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸ் முடிந்து வந்த நாட்களிலும், புதிதாக எடுத்த சிடியை ஓடவிட்டுக் கேட்காமல் அக்கா படுக்கமாட்டார். கடைசி வாரத்தில் மட்டுமே மருத்துவமனையில் தங்கினார். எங்கள் கைகளைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

ரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும், இரவு பகல் பாராத செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மஞ்சுளா இப்போது ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குபவராக இருக்கிறார். காரியம் முடிந்த மறுநாள் வந்து மாமாவின் அருகில் அமர்ந்தார். அதுவரை வந்தவர்கள் எல்லாரும் மாமாவிடம் சாப்பிட்டீர்களா என்றே கேட்டார்கள். மஞ்சுளா, "அங்கிள், இந்த வருஷப் பாடம் எப்ப ரெடியாகும்? ஹாஸ்டல்ல பசங்க கேக்குறாங்க" என்றார்.

மாமா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "வர்ற வாரம் குடுத்திடறேம்மா" என்றார். சொன்னபடியே கொடுத்தார்.