பின்னறையில் பாடியவள்

அந்தப் பாட்டை எனக்கு அனுப்பியது சென்னையில் இருக்கும் என் மகள். "நம்ம தீவுப் பொண்ணுப்பா. ரொம்பப் பேர் கேட்ட மாதிரி தெரியல. நீங்க கேட்டுப் பாருங்க" என்று ஒரு செய்தியும் சேர்த்திருந்தாள்.

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கர்நாடக இசையைத் தவிர வேறெதையும் பாட்டு என்று ஒப்புக்கொண்டதில்லை. மகள் அனுப்பினாளே என்று கேட்டேன். ஒரு கிதார், ஒரு பெண் குரல். கச்சால் தீவின் ஜெட்டியில், கப்பல் அணையும் துறையில், ஒரு தாய் கப்பலுக்குக் காத்திருக்கிறாள்.

'கடல் சரியில்லன்னு கப்பல் வரல,
வடிச்ச சோத்துக்கு யாரும் வரல.'

இரண்டாம் முறை பாடும்போது 'யாரும்' என்ற சொல்லில் அந்தக் குரல் சற்றே தணிந்தது. அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த சரணத்தின் நடுவே சுவரை யாரோ தட்டும் ஓசை. பிறகு ஓர் ஆண் குரல்: "போதும்மா, மனுஷன் தூங்க வேண்டாமா?"

அது என் குரல்.

எங்கள் தீவின் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில், எங்கள் வீட்டின் பின்னறையில் அந்தப் பெண் ஒன்றரை வருடம் வாடகைக்கு இருந்தாள். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி, கச்சாலில் ரப்பர் பால் எடுக்கக் குடியமர்ந்த குடும்பம் அவளுடையது. பக்கத்து டாலிகஞ்சில் ஒரு மருந்துக்கடையில் காலை நேர வேலை அவளுக்கு. அப்போதெல்லாம் பிற்பகல்வரை எங்கள் கூரைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். கடைசி விமானம் போனால்தான் அவளால் பாட்டைப் பதிவு செய்ய முடியும். மழை வந்தால் தகரத்தின் இரைச்சலில் அதுவும் முடியாது. மழையில்லாத நாள்களில், மாலைத் தெரு இரைச்சல் தொடங்குமுன் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். நான் தூங்குவதும் அப்போதுதான்.

முதலில் சுவரைத் தட்டினேன். பிறகு, மகள் வந்து தங்கப்போகிறாள், அறை வேண்டும் என்றேன். மகள் வருவதாக இல்லை. "டீக் ஹே அங்கிள், சரி" என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் அறையைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

"நடுவுல கத்துற ஆளு குரல் உங்க குரல் மாதிரியே இருக்குப்பா" என்று மகள் தொலைபேசியில் சிரித்தாள். "எனக்கு அங்க என்ன வேலை?" என்றேன். அதை இன்னும் திருத்திச் சொல்லவில்லை.

அவள் வெளியிட்டவை மொத்தம் ஏழு பாட்டுகள். ஸ்வெட்டர் போட்டே அறியாத தீவுப் பிள்ளைகளிடம் மலைக் குளிரைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துப்போன தந்தையைப் பற்றி ஒன்று. ரப்பர் மரத்தில் கட்டிய கோப்பையில் பாலுக்குப் பதில் மழைநீர் நிரம்பிய ஒரு நாளைப் பற்றி இன்னொன்று. நான் வகுப்பில் குடியேற்றங்களைப் பற்றி வருடக்கணக்கில் பேசியிருக்கிறேன். இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜெட்டிப் பாட்டுதான் அவள் கடைசியாக வெளியிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மருந்துக்கடைக்குப் போனேன். அவள் அங்கேதான் இருந்தாள்.

"என்ன அங்கிள், பிரஷர் மாத்திரையா?"

"உன் பாட்டைக் கேட்டேன்மா."

"இப்பவாவது முழுசாக் கேட்டீங்களா?" பக்கத்தில் நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"என் சத்தத்தை ஏன் வெட்டல?"

"வெட்டினா பாட்டும் சேந்து போயிரும். அன்னைக்குத்தான் சரியா வந்துச்சு. திரும்பப் பாடலாம்னா ரூம் இல்லியே."

"மக வரான்னு நான் சொன்னது பொய்."

"தெரியும் அங்கிள். மக வர்ற வீட்ல பெயின்ட்டாச்சும் அடிப்பாங்க."

"பின்னறை சும்மாத்தான் கிடக்கு. வந்து இரு. எந்நேரமும் பாடு. யாரும் தட்டமாட்டாங்க."

அவள் மாத்திரை அட்டையைக் காகித உறையில் போட்டாள். "கிதார அண்ணன் மகளுக்குக் குடுத்திட்டேன். இப்ப ஒரே ரூம்ல நாலு பேரு இருக்கோம். பாட்டு வந்தாலும் வாய மூடிப் பழகிருச்சு. சோடோ அங்கிள், விடுங்க."

"கிதார் நான் வாங்கித் தரேன்."

"வேணாம்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இருப்பில் இல்லாத மருந்தைக் கேட்டவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரின் சீட்டை வாங்கக் கையை நீட்டினாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.