பிரதம விருந்தினராக நான் கெடுத்த நாடகம்

டொரொண்டோப் புறநகரில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கலைப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றாலும் பூ குறைவு, மேடைகள்தான் அதிகம். புல்சரிவில் அரைவட்டப் படிகளோடு ஒரு பெரிய மேடை, குளத்தோரம் கூரை போட்ட சின்ன மேடை, மரங்களுக்கு நடுவே பிள்ளைகளுக்கான பலகை மேடை. கோடை வந்தால் மூன்றிலும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்து அந்த வழியால் வரும்போது நான் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. மேடை விளிம்பில், ஆடுபவர் கண்ணுக்கு நேரே வைத்திருக்கும் சிவப்பு இலக்க மணிக்கூட்டைத்தான் பார்ப்பேன். அது நேரத்தைக் காட்டாது, மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும். பூச்சியத்துக்கு வந்ததும் ஒலிவாங்கி செத்துவிடும். பாடிக்கொண்டிருந்தவர் சிரித்துக் கும்பிட்டு இறங்குவார். சனம் கை தட்டிவிட்டு மடிப்புக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

ஒரு வருடம் எங்கள் ஊர்ச்சங்கமும் அந்தக் குளத்தோர மேடையை ஒரு மணித்தியாலத்துக்கு எடுத்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு மணித்தியாலம் என்பது வரவேற்புரைக்கே காணாது. மங்கள விளக்கேற்ற ஆயத்தமானபோது தீ மூட்டக் கூடாது என்றார்கள். மின்குமிழ் வைத்த விளக்கைத் தேடிப் பிடிப்பதில் பத்து நிமிடம் போனது. பிறகு பொன்னாடைகள். பிறகு தலைவர், பூங்காவின் மேற்பார்வைப் பெண்ணிடம் போய், தான் இரண்டே இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் அதை அப்படியே நம்பி, பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். தலைவர் தன் பாடசாலைக் காலத்திலிருந்து தொடங்கினார். அவள் என்னிடம் வந்து, "அவருக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று கேட்டாள். நிறுத்தத் தெரியாமல் ஒருவர் பேசுவதற்கு வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஆறு சிறுமிகள் பாட்டில்லாமல் ஆடினார்கள். மணிக்கூடு பூச்சியத்தில் நின்றிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தச் சனம் எந்த நாட்டுக்குப் போனாலும் திருந்தாது என்று அன்று இரவு மனைவியிடம் கத்தினேன்.

எரிச்சல் அன்று தொடங்கியதல்ல. ஊரில், ஓர்ஸ் ஹில் பகுதியில் வளர்ந்த காலத்தில் எத்தனை விழாக்களில் வெயிலில் காய்ந்திருக்கிறேன்! அதிகாரியின் கார் வரும்வரை ஒன்றும் தொடங்காது. கார் வந்தாலும் மாலை போட ஆள் வரவில்லை என்பார்கள். முகத்தில் பூசிய மா வேர்வையில் வழிய, நாங்கள் திரைக்குப் பின்னால் நின்று கால் மாற்றிக்கொண்டிருப்போம்.

இந்த வருடம் ஓகஸ்டில் ஊருக்குப் போனேன். என் தங்கை வசந்தி அங்கே ஆசிரியை. உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இப்போது அங்கும் ஒரு கலைப் பூங்கா வந்திருக்கிறது. மூன்று மேடை என்று திட்டம். ஒன்று முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் அத்திவாரத்தோடு நிற்கின்றன, அவற்றில் ஊருக்குள் திரியும் மான்கள் படுத்திருக்கும். முடிந்த மேடையில் வசந்தி எழுதிப் பழக்கிய நாடகம் ஏறப்போகிறது. நிலாவெளிப் பக்கத்தில் கரைவலை இழுக்கும் இரண்டு குடும்பங்கள், இன்றைக்கு வலை போடும் முறை யாருடையது என்று அடிபடுகிற கதை. கடைசிக் காட்சியில் வலைக் கயிற்றை மேடையிலிருந்து சனத்துக்குள் எறிவார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் எழும்பி இழுக்க, வலை மேடைக்குப் பின்னாலுள்ள துறைமுகக் கரையிலிருந்து மேடைக்கு ஏறவேண்டும். ஏழு மாதமாக அவள் அந்த ஒரு காட்சிக்காகத்தான் அலைந்திருக்கிறாள். நடித்தவர்களில் முக்கியமான மூன்று பெண்பிள்ளைகள் தொலைவில், புல்மோட்டையிலிருந்து வருகிறவர்கள். கடைசி பஸ் ஆறே காலுக்கு.

"நாலு மணிக்குத் தொடங்கினால்தான் முடிக்கலாம் அண்ணா. உங்களைப் பிரதம விருந்தினர் எண்டு போட்டுட்டினம். நான் வேண்டாமெண்டு சொன்னனான், கேக்கேல்லை. நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், சும்மா இருந்தால் காணும்."

"நான் வாயே திறக்கமாட்டன். என்னைத் தெரியாதே உனக்கு?" என்றேன்.

நாலு மணிக்கு நானும் கதிரைகளும்தான் இருந்தோம். யாரோ ஒரு அதிகாரி வரவேண்டுமாம். நாலே முக்காலுக்கு அவர் வரமாட்டார் என்று தகவல் வந்தது. பிறகு விளக்கு, இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை. முன்வரிசையில் எனக்கென்று வெள்ளைத் துணி விரித்த சோபா. பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வெக்கையில் கழுத்தெல்லாம் கடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குள் கொதித்தது. விழாக்குழுத் தலைவர் ஒலிவாங்கியை நீட்டி, "ஐயா, ரெண்டு வார்த்தை" என்றார். வேண்டாம் என்று கையை ஆட்டியிருக்கவேண்டும். ஆனால் இவர்களுக்கு நல்ல பாடம் ஒன்று சொல்லாமல் விடக்கூடாது என்று வாய் கிடந்து துடித்தது. எழும்பினேன்.

நேரத்தின் அருமை பற்றிப் பேசினேன். டொரொண்டோப் பூங்காவின் மூன்று மேடைகளையும் விளக்கினேன், சிவப்பு மணிக்கூட்டை விளக்கினேன், எங்கள் சங்கத் தலைவர் அசடு வழிந்ததை நடித்தே காட்டினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கச் சிரிக்க எனக்கு உசார் ஏறியது. மேடையோரம் வசந்தி இரண்டு கையையும் உயர்த்தி ஏதோ காட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து நானும் கையசைத்தேன். இறங்கியபோது ஐந்தரை. இருபத்தைந்து நிமிடம் நான் நேரத்தை வீணாக்காதீர்கள் என்று பேசியிருக்கிறேன்.

நாடகம் நன்றாகவே போனது. ரிஸ்வானா என்ற பிள்ளை, வலைக்காரரின் மகளாக வந்தவள், இடுப்பில் கையை ஊன்றிக் கேட்ட கேள்விகளுக்கு முன்வரிசையே வாயை மூடிக்கொண்டது. ஆறு மணிக்கு, அவள் மேடையின் நடுவில் நின்று கயிற்றைக் கையில் எடுத்த நேரம், வசந்தி மேலே ஏறினாள். "பிள்ளையளுக்கு பஸ் போயிடும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இவ்வளவும்தான்" என்றாள். ரிஸ்வானா கயிற்றைக் கீழே வைக்கவில்லை. "டீச்சர், அஞ்சு நிமிசம். பஸ் போனாப் போகட்டும்" என்றாள். "போனால் நாளைக்கு உன்ர வாப்பா உன்னை விடமாட்டார். ஓடு" என்றாள் வசந்தி. மூன்று பிள்ளைகளும் நாடக உடுப்போடேயே ஓடினார்கள். அதன் பிறகும் நன்றியுரை இருந்தது. எனக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்கள்.

வெட்கத்தில் செத்துப்போகலாம் போல் இருந்தது. முச்சக்கர வண்டியில் வசந்தி என் பொன்னாடையை ஒழுங்காக மடித்து என் மடியில் வைத்தாள். சரி, வீட்டுக்குப் போய்த் திட்டட்டும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவள் திட்டவேண்டும் என்று விரும்பினேன். சின்னவளாக இருந்தபோது, அவளுடைய நிறப்பென்சில் பெட்டியை நான் தொலைத்ததற்குச் சோற்றுக்கோப்பையை என் மேல் எறிந்தவள். இரண்டு கிழமை முகம் பார்க்கவில்லை. நான் கதவடியில் நின்று கெஞ்சி, என் புதுப் பேனையைக் கொடுத்த பிறகுதான் கதைத்தாள். இப்போதும் எதையாவது எறிந்திருக்கலாம்.

"வசந்தி, உனக்கு என்னில கோவம்தானே?" என்று கேட்டேன்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். "சீச்சீ, என்னண்ணா. நீங்கள் வந்து போற ஆள். உங்களோட கோவிச்சு என்ன செய்யிறது? இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்."

குசினிக்குப் போகும் வழியில் அலுமாரியைத் திறந்தாள். வீட்டு ஆட்கள் குடிக்கும் கோப்பைகள் குசினியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் காது உடைந்தது என்னால்தான் என்பது எனக்கு இன்னும் ஞாபகம். அவள் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பொன்விளிம்பு வைத்த ஒற்றைக் கோப்பையை எடுத்து, தூசு தட்டி, கழுவி, தட்டத்தில் வைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். தனக்குக் குசினிக் கோப்பையில் ஊற்றி, அங்கேயே நின்று குடித்தாள்.