எளாவூர் நண்டும் என் வாயின் சின்னக் கதவும்

இந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்கும் அந்நியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பல்லைக் காட்டுகிறார்கள். காரணம் ஒன்றும் கிடையாது. பனி கொட்டுகிறது, பஸ் வரவில்லை, மூக்கு விறைத்துவிட்டது, அதற்கும் ஒரு சிரிப்பு. எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் முன்பின் தெரியாதவனைப் பார்த்து இப்படிச் சிரித்தால், "இன்னா, பல்லக் காட்ற?" என்று சட்டையைப் பிடிப்பான். கனடாவுக்கு வந்து லேத் பட்டறையில் சேர்ந்த புதிதில் நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பதிலுக்குச் சிரிப்பேன். என் மேல்வரிசைப் பற்கள் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீழ்வரிசை அதற்குப் பின்னால் போய் மேலண்ணத்தைக் கடிக்கும். நாற்பது தாண்டும்வரை அப்படியே கடித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தேன். பிறகு அண்ணத்தில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. இப்படியே விட்டால் முன்பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழும் என்று பல் டாக்டர் சொன்னார். எனக்குப் பல் விழுவதில் பயம். அதைவிடப் பயம், பல் டாக்டர்.

அந்த வெள்ளைக்கார டாக்டர் பொறுமைசாலி. ஒரு பிளாஸ்டர் தாடையை மேஜையில் வைத்து விளக்கினார். இடது பக்கம் பழைய முறை: ஒவ்வொரு பல்லிலும் ஒரு உலோகக் கட்டை, அதன் பள்ளத்தில் ஒரு கம்பி, அந்தக் கம்பி வெளியே வராமல் மெல்லிய கட்டுக்கம்பியால் பல்லுக்குப் பல் முறுக்கிக் கட்டுவது. மாதாமாதம் வெட்டி, மறுபடி முறுக்க வேண்டும். வலது பக்கம் புதிது: கட்டையிலேயே ஒரு குட்டிக் கதவு. கம்பியை வைத்துக் கதவை மூடிவிட்டால் முடிந்தது. கட்டு இல்லாததால் கம்பி உள்ளே வழுக்கிக்கொண்டு ஓடும், அடிக்கடி வரவேண்டாம். "வலியும் குறைவு என்று நினைக்கிறேன். ஆனால் உறுதியாகச் சொல்ல இன்னும் கொஞ்ச காலம் போகவேண்டும். உங்களுக்கு எது விருப்பம்?" என்றார்.

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. என் சின்ன வயதில் கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் பல் பிடுங்குகிற ஒரு டாக்டர் இருந்தார். அவர் யாரையும் எதையும் கேட்டதில்லை. "தொற வாய" என்பார். அடுத்த நிமிஷம் பல் பீங்கான் தட்டில் கிடக்கும். அது சில சமயம் வேறு பல்லாக இருக்கும், ஆனால் அவர் முகத்தில் சந்தேகம் என்பதே இருக்காது. டாக்டரே நோயாளியை யோசனை கேட்டால் கேஸ் முற்றிவிட்டது என்றுதான் எங்கள் பக்கம் அர்த்தம். சொத்துபத்தை எழுதி வைக்கச் சொல்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊர் மரியாதைப்படி, "நீங்களே பார்த்துச் செய்யுங்கள் டாக்டர்" என்றேன். முடிவை அவர் தலையில் கட்டித் தப்பித்தேன் என்பது என் கணக்கு. புதுமுறை மீது எனக்கு அபார நம்பிக்கை என்று புரிந்துகொண்டவர், மகிழ்ந்துபோய் என் கையைக் குலுக்கினார். கதவுகள் வந்து சேர்ந்தன.

சில மாதம் கழித்து விடுமுறையில் ஊருக்குக் கிளம்பினேன். பாப்கார்ன், டாஃபி, ஐஸ்கட்டி ஆகாது என்று டாக்டர் எச்சரித்தார். எளாவூரில் அக்கா வீடு, ஆந்திர எல்லை செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரம். ராவும் பகலும் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கும். நான் வாயைத் திறந்ததும் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"இன்னா மச்சான், வாயில இரும்புக்கட வச்சிக்கினு வந்துகிற? செக்போஸ்ட்ல வுட்டானுங்களா?"

மாமா பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவர். மத்தியானம் அக்கா இலையில் நண்டுக் குழம்பு ஊற்றினாள். ஒவ்வொரு நண்டும் என் உள்ளங்கை அகலம். நான் தயங்கினேன்.

"இன்னாடா பாக்குற? அந்த ஊரு ரொட்டியத் துன்னுக்கினு அக்கா சோறு கசந்து பூட்ச்சா?"

டாக்டர் ஆகாது என்று சொன்ன பட்டியலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பாப்கார்ன் உண்டு, ஐஸ் உண்டு. நண்டு இல்லவே இல்லை. பாவம், கனடாக்காரருக்கு நண்டுக்காலைப் பல்லில் வைத்து உடைக்கும் ஒரு ஜாதி இந்த உலகத்தில் இருப்பது எப்படித் தெரியும்? சந்தோஷமாக ஒரு கொடுக்கை எடுத்து முன்பல்லில் வைத்து ஒரு நெரி நெரித்தேன். சடக். ஓடு உடைந்த சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் இருந்தது. கன்னத்தில் கம்பி பாய்ந்தது. நாக்கால் தடவினேன். ஒரு பல்லில் கதவைக் காணோம்.

"அக்கா, முழுங்கிட்டேன்!"

"இன்னாத்தடா?"

"கதவை!"

"எந்த ஊட்டுக் கதவ?"

விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வயிற்றில் குத்த ஆரம்பித்துவிட்டது. குடலுக்குள் ஒரு குட்டிக் கதவு திறந்து திறந்து மூடுவது தெளிவாகத் தெரிந்தது. பட்டறையில் இரும்புப் பிசிறு விரலைக் கிழிப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். குடல் விரலைவிட மெல்லியது. மாமா மட்டும் நிதானமாக ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"துன்னு மச்சான். நம்ம பங்காளிப் பையன் நாலணா முழுங்கிட்டான். பழம் குடுத்தோம், சுத்திக்கினு வந்திடுச்சி."

"நாலணா வட்டமா இருக்கும் மாமா. இது மூலையும் முனையுமா இருக்குது!"

"அப்ப ரெண்டு சேத்துத் துன்னு."

பல் கட்டும் டாக்டரைத் தேடி நானும் மாமாவும் மதராஸுக்கு ரயிலேறினோம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாமா இறங்கிப் பழம் வாங்கினார். கும்மிடிப்பூண்டி தாண்டும்போது, தொழிற்பேட்டை வரப்போகிற பொட்டலில் அளந்து நட்ட கற்களைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு எல்லாக் கல்லும் கல்லறைக் கல்லாகவே தெரிந்தது, என் பெயர் மட்டும்தான் செதுக்கவில்லை. வயிறு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ரயிலில் என்னை உண்மையில் உலுக்கியது வேறு. இந்தக் கதவு மாதிரி ஒன்றை மதராஸில் எவரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முழுங்கியதை எடுத்தாலும் திரும்ப மாட்ட ஆள் கிடையாது. பிறந்த மண்ணில் ரிப்பேர் செய்ய முடியாத சாமானாகத் திரும்பி வந்திருக்கிறேனோ? லேத்காரனுக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன? பழத்தை மென்றபடி அழுதேன். மாமா பழம் கசக்கிறது என்று நினைத்து வேறு சீப்பு வாங்கினார்.

மதராஸில் பல் கட்டும் டாக்டர் ஒரு பெண்மணி. என்னைவிட இளையவர். விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தவர், "அட, இதென்ன சார்? பழைய கம்பிக்கட்டுதான் நான் செய்யறது. இதை மேகஸீன்ல படம்தான் பார்த்திருக்கேன்" என்றார். என் உயிர் பாதி போய்விட்டது. இடுக்கியால் ஈறோரத்தில் எதையோ பிடித்து வெளியே எடுத்தார்.

"இதானே உங்க கதவு? நண்டு ஓட்டோட ஈறுல சொருகிக்கிட்டிருக்கு. முழுங்கவே இல்லையே!"

மாமா என் வயிற்றைப் பார்த்தார். அதில் அப்போது ஒரு வாழைத்தோப்பே இருந்தது.

கதவு நெளிந்துபோயிருந்தது, இனி மாட்ட முடியாது. கம்பியை அப்படியே விட்டால் அந்தப் பல் மட்டும் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும் என்றார். கட்டையின் ஓரத்தில் கட்டுக்கம்பி சுற்ற இடமிருப்பதைப் பார்த்து, "நான் பழைய மாதிரியே கட்டிவிடட்டுமா? கொஞ்சம் இறுக்கும்" என்றார். ஆக, இவரும் கேட்கிறார்! ஆனால் இந்த முறை என் தமிழில் கேட்டார். "கட்டுங்கம்மா" என்றேன், சத்தமாக. மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கினார். சுளீரென்று உச்சி வரை ஏறிய வலியில் மாமாவின் கையைப் பிடித்தேன். பிடித்த இடம் சிவந்துவிட்டதாக அவர் இன்றும் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

திரும்பி வந்ததும் கனடா டாக்டர் அந்த ஒரு பல்லை வெகுநேரம் பார்த்தார். கட்டு நேர்த்தியாக இருக்கிறது என்றார். மற்ற பற்களில் கம்பி வழுக்கி ஓடுகிறது, இந்த ஒன்று மட்டும் இறுகப் பிடித்து நிற்கிறது, இது பின்தங்கிவிடும் என்றார். புதுக் கதவு ஒன்றைத் தட்டில் எடுத்துவைத்துக் கத்தரியை நீட்டினார். கத்தரியைக் கண்டால் நாற்காலியோடு நடுங்குகிறவன் நான். அன்றும் நடுங்கினேன், ஆனால் வாயை இறுக மூடிக்கொண்டது அந்த மதராஸ் கம்பியை வெட்டவிடக் கூடாது என்றுதான்.

"அடுத்த முறை?" என்று கேட்டார். தலையாட்டினேன். வெளியே வந்து பனியில் நடக்கையில் நாக்கு தானாகப் போய் அந்த முறுக்கின் நுனியைத் தொட்டது. மற்ற பற்கள் எல்லாம் சத்தமில்லாமல் எங்கோ நகர்ந்துகொண்டிருந்தன. அது மட்டும் விண் விண்ணென்று வலித்துக்கொண்டு, போகமாட்டேன் என்று நின்றது.