பஞ்சாரத்துக்குள் இருந்த பிள்ளை

"எம் பிள்ளையை எண்ண நீங்க யாரு? மூத்தது ரெண்டையும் ஊரே வாய்விட்டு எண்ணுச்சு. ரெண்டும் மண்ணுக்குள்ள போயிருச்சு. வாத்தியாரம்மான்னா ஒங்க வீட்டோட இருங்க!"

ஜனத்தொகைக் கணக்கெடுப்பு என்பது, சம்பளமில்லாமல் வீடு வீடாகப் போய் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் அன்னவாசலில் தலைமை ஆசிரியர். சமஸ்தானத்து ஆபீஸ் அவர் தலையில் கட்டிய வேலையை, "பொம்பளைங்க உங்கிட்டதான் வாய் திறப்பாங்க, நீ கான்வென்ட்ல படிச்சவ" என்று அவர் என் தலையில் கட்டினார். திறந்த வாயிலிருந்து என்ன வரும் என்பதைச் சொல்லவில்லை. பத்து வருஷ இடைவெளியில் இரண்டு தடவை ஒரே தெருவை எண்ணியிருக்கிறேன்.

தும்மிய பஞ்சாரம்

மேலே ஏசியவள் செல்லாயி. முதல் கணக்கெடுப்பு. வீட்டில் எத்தனை பேர் என்றேன். "நானும் அவருந்தான்" என்றாள். அப்போது மூலையில் கவிழ்த்திருந்த, கோழி மூடுகிற பஞ்சாரக் கூடை தும்மியது. தும்முகிற கோழியை நான் பார்த்ததில்லை. பொறுமையும் எனக்குக் கிடையாது. எழுந்துபோய்த் தூக்கினேன். தலைமுடியில் கோழி இறகோடு, இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

அதற்குப் பிறகுதான் அந்த ஏச்சு. எண்ணினால் கண் பட்டுவிடும், பெயர் வைத்தால் எமன் கூப்பிட்டுவிடுவான் என்று, பெயர்கூட வைக்காமல் ஒளித்து வளர்த்திருக்கிறாள். எனக்குச் சட்டம் சட்டம்தான். "பெயரில்லை, பெண், இரண்டு" என்று எழுதினேன். என் பேனா நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த செல்லாயி சொன்னாள்: "எழுதிட்டீங்கள்ல? இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க வாசல்ல வந்துதான் உட்காருவேன்."

இன்னும் இரண்டு

எதிர்வீட்டுக் கருப்பையாவிடம் வயதைக் கேட்டேன். "முப்பத்தெட்டு. இன்னும் ரெண்டு இருக்கு" என்றார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. அவர் அப்பா நாற்பதில் போனாராம், தாத்தாவும் நாற்பதிலாம். கிணறும் தோட்டமும் இருக்கிறதே, நாலு தென்னை வைக்கக் கூடாதா என்றேன்.

சிரிக்கத்தான் தோன்றியது, சிரிக்கவில்லை. என் அம்மா போனது நாற்பத்திரண்டில். இந்தக் கணக்கெடுப்பின்போது எனக்கு முப்பத்தாறு. எந்தப் பட்டுப்புடவை எந்த மகளுக்கு என்று பெட்டியில் சீட்டு எழுதிவைத்திருந்தவள் நான். கருப்பையா அமைதியாகக் கேட்டார்: "வச்சா, எளநி யாரும்மா குடிக்கிறது?"

என் கையில் முதல் குத்து

மறு வருஷம் பக்கத்து ஊரில் அம்மை. என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. மூடநம்பிக்கை கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லித் தந்ததெல்லாம் சரி. அவர்கள் யாரும் செல்லாயியின் பஞ்சாரத்தைத் தூக்கியவர்கள் இல்லை. அம்மை குத்துகிறவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனேன். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. "முதல்ல எனக்குக் குத்துங்க" என்று கிணற்றடியில் நின்று கையை நீட்டினேன். மூன்று நாளைக்குக் கை வீங்கிக் கிடந்தது வேறு கதை.

நான் கத்தவில்லை என்றதும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கடைசியாகத் திறந்தது செல்லாயியின் கதவு. பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமலே அதன் கையை மட்டும் நீட்டினாள். குத்தியவர் வழக்கம்போல நோட்டை எடுத்ததும் பாய்ந்தாள்: "குத்துறதுன்னாக் குத்திட்டுப் போங்க. எத்தனை பேருன்னு எண்ணுற சோலி மட்டும் வேணாம்!"

தென்னம்பிள்ளை

பிறகு என் வீட்டுக்காரருக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றல். முதலிரண்டு வருஷம் சந்தைக்கு வருகிறவர்களிடம் "பஞ்சாரத்துப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சேதி சொல்ல ஆளில்லை. நடுவில் அந்தப் பக்கம் இரண்டு தடவை வாந்திபேதி வந்து போனது. அடுத்த கணக்கெடுப்பு வந்தபோது, அந்தத் தெருதான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். வாங்கிய பிறகு, செல்லாயி வீட்டுக் கதவைத் தட்டத் தைரியமில்லாமல் எதிர்வீட்டுக்குப் போனேன்.

கருப்பையா குழி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலு தென்னம்பிள்ளை. நாற்பத்தெட்டு வயது. கிணற்றுக்குச் சுவர் கட்டியிருந்தார்கள். பேதி வந்தபோது தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாராம். உயிரோடு இருப்பதற்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தார்: "இம்புட்டு நாள் இருப்பேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்நேரம் காய் பறிச்சிருப்பேன்ல?"

நானாச் சொல்றேன்

கதவைத் தட்டினேன். திறந்தது பன்னிரண்டு வயதுப் பெண். கையில் அம்மை குத்திய தழும்பு. ஒரு தடவைக்கு இரண்டு தடவை அதைப் பார்த்தேன். பார்த்ததை மறைக்க அதட்டலாகவே கேட்டேன், பெயர் என்ன என்று. "ராசாத்தி" என்றாள். வீட்டில் எத்தனை பேர்? விரலை மடக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணினாள்: அப்பா, ஆத்தா, அவள், தம்பி மூன்று பேர். மூலையில் அதே பஞ்சாரம். உள்ளே கோழிதான் இருந்தது.

"ஆறு" என்று எழுதினேன். "ஏழு!" என்று உள்ளேயிருந்து குரல். செல்லாயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். பிறந்ததைத்தான் எழுதலாம், இது சட்டம் என்றேன். "அன்னைக்கு ஒளிச்சு வச்சேன், தூக்கிப் பார்த்து எழுதுனீங்க. இன்னைக்கு நானாச் சொல்றேன், மாட்டேங்கிறீங்க. என்னா சட்டம் அது?" அடுத்த கணக்கெடுப்பு பத்து வருஷம் கழித்துத்தான் என்றேன். அவள் அசரவில்லை: "வாங்க. நாங்க எங்க போகப்போறோம், இங்கிட்டுத்தான் இருப்போம். நீங்க இருப்பீங்கள்ல?"

எனக்கு இப்போது நாற்பத்தாறு. பெட்டியிலிருந்த சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த தடவையும் இதே ஏச்சுத் தெருவை எனக்கே ஒதுக்கவேண்டும் என்று சமஸ்தானத்து ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டு மூன்று மாதமாகிறது, பதிலைக் காணோம்.