வரவேற்பு மேசை அம்மாவுக்கு ஒரு நட்சத்திரம்

என் அண்ணிக்குப் பொறாமை என்பது பசி மாதிரி. வேளாவேளைக்கு வரும், வந்தால் அதற்கு எதையாவது போட்டாக வேண்டும். பக்கத்து வீட்டில் புதுத் திரைச்சீலை மாட்டினால் அன்றைக்கு எங்கள் வீட்டில் கதவெல்லாம் படார் படாரென்று சாத்தப்படும். என் அண்ணன் இதற்குப் பழகிப்போனவன். "யாருக்கு என்ன கிடைச்சுது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாத்தனார் எதைச் சொன்னாலும் குறையாகத்தான் கேட்கும், அதற்கு நான் என்ன செய்வது?

அண்ணி வேலை பார்ப்பது ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில். வரவேற்பு மேசை அவளுடையது. டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, பொறுமை இழந்த அப்பாக்களிடம் "இன்னும் ரெண்டே பேர்தான் சார்" என்று அளப்பது எல்லாம் அவள் வேலை. இது போக டாக்டர் இன்னொன்றையும் அவள் தலையில் கட்டியிருந்தார். கிளினிக்கைப் பற்றி இணையத்தில் யார் என்ன விமர்சனம் எழுதினாலும் அண்ணி படிக்க வேண்டும், கிளினிக் பெயரில் பதில் போட வேண்டும், மத்தியானம் டாக்டருக்கு அதைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். டாக்டருக்குத் தானே படிக்கத் தைரியம் கிடையாது. ஒரு தடவை யாரோ "கைராசி இல்லாத மனுஷர்" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு அன்று பூராவும் சாப்பிடாமல் கிடந்தாராம்.

புகழ்கிறவர்கள் டாக்டரைப் புகழ்ந்தார்கள். திட்டுகிறவர்கள் அண்ணியைத் திட்டினார்கள். "முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா சிரிக்கவே மாட்டார்." "அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் இன்னும் ஏறிவிட்டது." இதற்கெல்லாம் அண்ணியேதான் பதில் போட வேண்டும். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியரிடம் பேசுகிறோம்' என்று தட்டிவிடுவாள். பிறகு சம்பந்தப்பட்ட ஊழியர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவாள்.

"பேசினீங்களா அண்ணி, அந்த ஊழியர்கிட்ட?" என்று நான் சீண்டுவேன்.

"பேசினேன், பேசினேன். திருந்தற ஜென்மம் இல்ல அது."

இந்த லட்சணத்தில் ஊசி போடுவதற்கென்று ஒரு நர்ஸ் பெண் வந்து சேர்ந்தாள். ஆள் சின்னது, பேச்சும் மெதுவாகத்தான் வரும். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே குழந்தையிடம், "உன் செருப்புக்குப் பேர் என்ன?" என்று கேட்பாள். எந்தக் குழந்தையிடமும் அதுவரை யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அது திகைத்துப்போய்ச் செருப்பைக் குனிந்து பார்க்கும். ஒரு பேரை யோசித்துச் சொல்வதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும்.

அப்புறம் என்ன, விமர்சனங்கள் மழையாகக் கொட்டின. "ஊசி போட்டதே தெரியவில்லை, அந்தச் சிஸ்டர் நன்றாக இருக்க வேண்டும்." "என் மகன் செருப்பைப் பேர் சொல்லித்தான் இப்போது கூப்பிடுகிறான்." எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஒரு மகராசி, "முன்னால் இருக்கும் அம்மா இந்தச் சிஸ்டரிடம் சிரிக்கக் கற்றுக்கொள்ளலாம்" என்றும் எழுதினாள்.

அண்ணிக்கு வயிறு பற்றி எரிந்தது. என்னிடம் அவள் அதை மறைக்கவும் இல்லை. "எத்தனை வருஷமா அந்த நாற்காலியைத் தேய்ச்சிட்டிருக்கேன். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எனக்குத் தலைகீழ்ப் பாடம். என்னைப் பத்தி ஒரு ஜீவன் ஒரு வரி எழுதியிருக்கா? இவ செருப்புக்குப் பேர் வைக்கறாளாம், அதுக்கு அஞ்சு நட்சத்திரம்!"

டாக்டருக்குச் சொல்லும்போது அண்ணி ஒரு சின்ன வேலை செய்தாள். 'சிஸ்டர்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'ஊழியர்கள்' என்று மாற்றிக்கொண்டாள். "ஊழியர்கள் நல்லா கவனிக்கறாங்கன்னு எழுதியிருக்காங்க டாக்டர்." அது ஒன்றும் முழுப் பொய் இல்லையே. அந்த 'கள்'ளில் தானும் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம் அல்லவா?

நர்ஸ் பெண்ணோ அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ அவள் பேரைப் போட்டுத் திட்டி எழுத, அதைக் காட்டியே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து விமர்சனம் என்றாலே அவளுக்கு உதறல்.

அடுத்த தெருவில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று திறந்தார்கள். கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம் நர்ஸ் பெண் அண்ணியின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, அங்கேருந்து என்னைக் கூப்பிடறாங்க. எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. ஆனா நான் செய்யறது சரியான்னே தெரியல. டாக்டரும் ஒரு வார்த்தை சொல்றதில்ல. நீங்கதான எல்லாத்தையும் படிக்கறீங்க. என்னைப் பத்தி யாராவது நல்லதா ஏதாவது எழுதியிருக்காங்களா?"

அன்று காலை வந்த ஐந்து நட்சத்திரம் அண்ணியின் கணினியில் திறந்தே கிடந்தது. நர்ஸ் பெண் திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"இல்லையேம்மா" என்றாள் அண்ணி.

"ஒருத்தர்கூடவா?"

"நல்லா தேடித்தான் பார்த்தேன்."

நல்லா தேடித்தான் பார்த்தாளாம்! இந்த நாக்கில் எங்கிருந்துதான் வந்து உட்காருகிறதோ. அந்தப் பெண் சரியென்று தலையாட்டினாள். மாதம் பிறந்ததும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அண்ணி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். என் அண்ணன் பயந்துபோய், "யாருக்கு என்ன போச்சு?" என்று கேட்டான்.

சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. புதிதாக வந்தவர் ஊசியை எடுத்தாலே வாசல்வரை கூச்சல் கேட்டது. கூட்டம் குறைவதைப் பார்த்த டாக்டர், "அந்த ஆஸ்பத்திரியைப் பத்தி என்ன எழுதறாங்கன்னும் பாத்துக்கோங்கம்மா" என்றார். அண்ணி பார்த்தாள். அங்கேயும் செருப்பு. எழுதியிருந்தவர்கள் எல்லாம் நம் கிளினிக்கின் பழைய அம்மாக்கள்.

அன்று கிளினிக்கிலிருந்தே என்னிடம் போனில் பொரிந்து தள்ளினாள். "அவங்க பேர் வாங்கறாங்க பாரு, நம்ம பொண்ணை வச்சு!"

"எப்பலேருந்து அண்ணி நம்ம பொண்ணு?" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வியைவிடப் பெரிதாக ஒன்று, அங்கே எழுதியிருந்ததை மறுநாள் அண்ணி சொல்லக் கேட்டதும் டாக்டரிடமிருந்து வந்தது. "இங்க இருந்தப்ப அந்தப் பொண்ணைப் பத்தி யாருமே எழுதலையேம்மா. நம்மகிட்ட வர்றவங்க கண்ணுல நல்லது படாது போலிருக்கு" என்றார். அண்ணிக்குச் சுருக்கென்றது. கண்ணில் பட்டு, மெனக்கெட்டு எழுதியும் இருந்தார்கள். அது டாக்டர் காதில் படாமல் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அன்றைய மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். போன காரியத்துக்கு நடுவிலும் அண்ணிக்கு அதில் தனியாக ஓர் எரிச்சல். நர்ஸ் பெண் "அக்கா!" என்று ஓடி வந்தாள். அண்ணி தன் போனை நீட்டி, "படி" என்றாள்.

தயங்கித் தயங்கி வாங்கிப் படித்தாள். விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"இதெல்லாம் எப்ப எழுதினது?"

"நீ அங்க இருந்தப்பத்தான்."

"நான் கேட்டேனே அக்கா."

"கேட்ட. பொறாமை, சொல்லல. திரும்பி வந்துடேன்."

நர்ஸ் பெண் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அன்னிக்கு வீட்டுக்குப் போய், எனக்கு இந்த வேலையே வராது போலம்மான்னு எங்க அம்மாகிட்ட அழுதேன்" என்றாள். உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

மறுநாள் காலை கிளினிக் பக்கத்தில் புது விமர்சனம் வந்திருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம். "நான் இங்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். டாக்டர் நல்லவர். என்னைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று வரவேற்பில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன். இல்லை என்றார். இருந்தது." அவ்வளவுதான். அதிலும் அக்கா என்றுதான் எழுதியிருந்தாள். பழைய அம்மாக்கள் அதற்குள் அதற்குக் கட்டைவிரல் தூக்க ஆரம்பித்திருந்தார்கள். குறை எழுதினாலும் இவளுக்குத்தான் பேர் என்று அந்த நேரத்திலும் அண்ணிக்கு எரிந்ததாம். அண்ணியே சொன்னது.

கை தன் பழக்கத்துக்கு 'வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியரிடம் பேசுகிறோம்' என்று அடித்துவிட்டது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழித்துவிட்டு வேறு எழுதினாள்:

"சம்பந்தப்பட்ட ஊழியர் நான்தான். இந்தப் பெண் சொல்வது உண்மை. நீங்கள் எல்லோரும் இவளைப் புகழ்ந்து எழுதியதை இவளிடமும் டாக்டரிடமும் நான் சொல்லவில்லை. பொறாமை. இவளைப் போல ஊசி போட எங்களிடம் யாரும் இல்லை."

இதை நான் என் போனில் படித்தேன். என்னால் இப்படி நாலு வரி எழுத முடியாதே என்று எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அனுப்பியதும் அண்ணி எழுந்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாளாம். கூப்பிடாமலே டாக்டர் அறைக்குள் போய், போனை அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னிக்கு நான் சுருக்கிச் சொல்லல டாக்டர். நீங்களே படிங்க."