மரத்தில் பாதிப் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டு... பக்கத்தில் ஆள் இருக்கும்போதே!

காரணம், என் நண்பன் முருகேசன். மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்துப் பழக்கம் — அதனால் கழற்றிவிடவும் முடியவில்லை. கொடைக்கானலுக்கு அப்பால் கூக்கால் சோலைக்காட்டில் பழங்காலத்து நாவல் மரங்கள் நிற்கின்றன, பார்க்கப் போகலாம் என்று கூப்பிட்டது நான்தான். மனைவியோடு கிளம்பிவிட்டான்.

மலை ஏறும்போதே ஆரம்பித்தான். வளைவுக்கு வளைவு காரை நிறுத்தச் சொன்னான். காட்சிக்காக இல்லை... போன் சிக்னலுக்காக! கொடைக்கானல் டவுனில் டிராஃபிக் நகரவே இல்லை.

"ஒரு மரத்தப் பாக்க இம்புட்டுத் தூரமாடா? எங்க தெருவுலயே வேப்பமரம் நிக்குதே" என்றான்.

கவுஞ்சி கிராமம் தாண்டியதும் படிப்படியாகப் பூண்டு வயல்கள். அதற்கு மேல் மேகம். அதற்கும் மேல் மலை. முருகேசன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கூக்காலில் அனுமதி வாங்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தோம். வழிகாட்ட வந்தவர் ராணி, உள்ளூர்ப் பெண். "சத்தம் போடாம வாங்கண்ணே, காட்டுமாடு நிக்கும்" என்றார். முருகேசன் உடனே போனில் பாட்டை அலறவிட்டான். காட்டுமாடு பயந்து ஓடிவிடுமாம். இவனை என்ன செய்வது?

மரம் வந்தது. நாங்கள் நான்கு பேரும் கைகோத்துப் பார்த்தோம் — சுற்றி வளைக்க முடியவில்லை. உடம்பெல்லாம் பச்சைப் பாசி. அண்ணாந்தால் உச்சி மேகத்துக்குள் மறைந்திருந்தது. முருகேசனின் மனைவி மரத்தில் கன்னத்தை வைத்து நின்றார். வந்த எரிச்சலெல்லாம் எனக்கு அப்படியே இறங்கிவிட்டது.

அப்புறம்தான் அந்தச் சத்தம். கர்... கர்...

மறுபக்கம் போய்ப் பார்த்தால், முருகேசன் கடைச் சாவியால் மரத்தைக் கீறிக்கொண்டிருக்கிறான்! பாசி உரிந்து, பட்டை கிழிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மனைவி பெயர் செல்வி. இரண்டு எழுத்து முடித்துவிட்டான்.

கையைப் பிடித்து இழுத்தேன். "ஏலே, நீயெல்லாம் மனுசனா?"

"கோவிக்காதடா. அவ பேரு காலத்துக்கும் நிக்கட்டுமேன்னுதான்..."

ராணி கீறலைத் தொட்டுப் பார்த்தார். "ஏண்ணே, அது உங்கள என்ன செஞ்சுச்சு?"

செல்வி வந்தார். பார்த்தார்.

"கடை போர்டுல உங்க அம்மா பேரு. வீட்டு வாசல்ல மகன் பேரு. இம்புட்டு வருசமா என் பேரப் போட ஒரு எடம் கெடைக்கல. எனக்கு இந்த மரந்தானா? சாவியக் குடுங்க."

கொடுத்தான். கைப்பையில் போட்டுக்கொண்டு, ராணியோடு முன்னால் நடந்துவிட்டார். நான் மரத்தைத் தடவி, "மன்னிச்சிரு" என்றேன். வேறென்ன சொல்ல?

வத்தலகுண்டில் காபி குடிக்க இறங்கியபோது முருகேசன் மெதுவாகக் கேட்டான்: "ஏன்டா... அது ஆறிருமா?"

"மேல பாசி மூடிக்கிரும். உள்ள இருக்கத்தான் செய்யும்."

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு இன்னொரு காபி வாங்கி, காரிலேயே உட்கார்ந்திருந்த செல்வியிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். சாவியை மட்டும் திருப்பித் தரவில்லை.

அழகாக எதைப் பார்த்தாலும் நமக்கு ஏன் கை அரிக்கிறது? பாறை, பாலத்துக் கைப்பிடி, கற்றாழை மடல்... எதையாவது விட்டுவைத்திருக்கிறோமா? ஆளிடம் சொல்ல வேண்டியதை ஆளிடம் சொன்னால் போதாதா?

இப்போது அந்த மரத்தில் இருப்பது ‘செல்’ என்ற பாதிப் பெயர்தான். நம்மைப் பார்த்து மரம் சொல்ல நினைத்ததும் அதுவாகத்தான் இருக்கும்!