பாவித்ததுதான் ஒரிஜினல்

சவூதியில் வேலை செய்த என் மனைவியின் தம்பி, லீவில் வந்து ஒரு கார் வாங்கினான். இறக்குமதி திறந்துவிடப்பட்ட புதிதில் வந்து இறங்கிய ஜப்பான் கார். இரண்டே கதவு, இரட்டைக் காபரேட்டர், ரேஸ் ஓடுவதற்கென்றே செய்த எஞ்சின். கல்முனைக் கடைத்தெருவில் அதை இரண்டாம் கியருக்கு மேல் ஓட்ட மாடுகளும் சைக்கிள்களும் விடா. ஆகவே மச்சான் அதைச் சாகாமம் பக்கம் கொண்டுபோய், வயல்களுக்கு நடுவே விரட்டிவிட்டு வருவான். அவன் சவூதி திரும்பிய பின் அதைக் காவல் காத்து, இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணி வைக்கும் பொறுப்பு எனக்கு. நான் கேட்டு வாங்கிய பொறுப்பல்ல.

அடுத்த லீவில் எஞ்சினின் முன்பக்கம், தகரப் பேணிக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல் சத்தமிடத் தொடங்கியது. டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. அது பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு எஞ்சினே போய்விடும். அப்படியொரு எஞ்சின் எங்கள் பக்கத்தில் வேறெங்கும் இல்லை.

எனக்கு அரச களஞ்சியத்தில் வேலை. தரை கூட்டும் தும்புத்தடி ஒன்று வாங்குவதென்றாலும் விவரக்குறிப்பு, மாதிரி, ஒப்பீடு என்று பழகியவன். எஞ்சின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். கழற்றிய செயினை மாதிரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். இரட்டை வரிசைச் செயின், கம்பனிச் சாமான் என்று இரண்டு முறை சொன்னேன். மச்சான் கொழும்புக்குப் போய், பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது.

“இது பாவிச்ச பழைய செயின்டா.”

“ஒரிஜினல் மச்சான்! ஜப்பான் எஞ்சினில இருந்து கடைக்காரர் எனக்கு முன்னால வெச்சிக் கழட்டித் தந்தாரு.”

பெட்டிக்குள் புதிதாக வருவதெல்லாம் டூப்ளிகேட். ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலில் வந்தது மட்டுமே ஒரிஜினல். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். பெட்டிகளில் போலி நிறைய வந்தது உண்மைதான். அதற்காக?

கராஜுக்குப் போய், நாங்கள் ‘பாஸ்’ என்று அழைக்கும் மெக்கானிக்கிடம் இரண்டு செயின்களையும் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்துக் காட்டினேன். தேயாத செயின் நேராக நிற்கும். இவை இரண்டும் வாடிய வாழையிலை போல் ஒரே அளவில் தொங்கின. பாஸ் அசையவில்லை.

“சேர், புதுச் செயின் ஓட ஓட இழுபடும். இது இழுபட வேண்டியதெல்லாம் அங்கேயே இழுபட்டு முடிஞ்சி. இனி எங்க இழுபடப் போகுது?”

“அப்படியெண்டா கழட்டினதையே திருப்பிப் போடுங்க பாஸ். அதுவும் இழுபட்டு முடிஞ்சதுதானே?”

“அது நம்மட றோட்டுல இழுபட்டது, சேர்.”

மச்சான் தலையாட்டினான். “மச்சானுக்கு பைலத் தவிர வேறென்ன தெரியும் பாஸ்? நீங்க பூட்டுங்க.”

பாஸுக்கு வேறு வேலை இருந்ததால் செயினை எஞ்சினில் பூட்டுவது தள்ளிப்போனது. அதற்குள் அலுவலக விடயமாக நான் கொழும்பு போக நேர்ந்தது. கார்க் கம்பனியின் ஏஜெண்டிடமே போய், இலக்கம் ஒப்பிட்டு, முத்திரை உடையாத பெட்டியில் புதுச் செயின் வாங்கினேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: பெட்டியைக் கண்டால் இருவரும் தொடவே மாட்டார்கள்.

வீட்டில் செயினை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை அடுப்பில் எரித்தேன். காரிலிருந்து வடித்த பழைய ஒயிலைத் துணியில் அரித்து, ஒரு சட்டியில் ஊற்றி, பளபளத்த செயினை ஊறப்போட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“மீனா பொரிக்கிறீங்க?”

“ஓம். உன்ட தம்பிக்கு.”

பேப்பரில் சுற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

“இதுவும் ஒரிஜினல்தான். அதைவிடக் குறைய ஓடினது” என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.

பாஸ் அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, கறுப்பை மணந்தும் பார்த்தார். “இதுதான் சேர் சாமான்” என்று பூட்டினார். எஞ்சின் முனகாமல் ஓடியது.

“பாத்தீங்களா மச்சான்? ஒரிஜினல் போடணும் எண்டு நான் செல்லல்லயா?”

லீவு முடியும்வரை அதையே ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தான். அவன் விமானம் ஏறிய பின், அந்த ஒரிஜினல் எங்கே கிடைத்தது என்று கேட்டுக் கார்க்காரர்கள் என் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்த அரிசி ஆலை முதலாளியிடம், ஏஜெண்டிடம் போய்ப் புதிது வாங்குங்கள் என்று நேர்மையாகவே சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது.

“நல்லத மச்சானுக்குக் குடுத்திட்டு, எங்களுக்கு மட்டும் பெட்டிச் சாமானா சேர்?”